அரசியின் காப்பைப் பிடித்தது யார்

முன்னொரு காலத்தில், அதாவது எல்லைச் சண்டைகள் எல்லாம் ஓய்ந்து, பொழுதைப் போக்குவதே அரசர்களுக்குப் பெரிய வேலையாகிவிட்ட ஒரு காலத்தில், பெருந்தேவர் என்று ஒரு ராஜா இருந்தார். ஒரு நாள் காலையில் அவர் தம் அறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளிக் காப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

காப்பு சிறியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ராஜாவோ மதம் பிடித்த யானையின் தந்தத்தைப் பிடித்து நிறுத்தியவர் என்று பெயர் வாங்கியவர். ஆனாலும் அந்தக் காப்பை அவரால் பிடிக்க முடியவில்லை.

பலகையில் வைத்துச் சிற்றுளியால் ஒரு கோடு இழுக்கப் பார்த்தார். காப்பு உருண்டு சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டது. இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உளியைத் தள்ளினார். காப்பு விரலுக்குள் திரும்பிக்கொண்டது; உளி வழுக்கி ராஜாவின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. கடைசியில் இரும்புக் குறடு ஒன்றை எடுத்துக் காப்பைக் கவ்விப் பிடித்தார். காப்பு அசையவில்லை. ஆனால் குறட்டை விலக்கிப் பார்த்தால், நாய் கடித்த எலும்பு மாதிரி வெள்ளியெங்கும் பல் பதிந்திருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று ராஜாவுக்கு விளங்கவில்லை. நமக்கு அது விளங்க வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. ஒரு தட்டையான தகட்டைப் பலகையில் வைத்தால் அதன் வயிறு முழுவதும் பலகையில் படிகிறது. தள்ளினாலும் சட்டென்று நகராது. காப்பு அப்படி இல்லை. அது வட்டமாகவும் வளைந்திருக்கிறது. அதன் மேற்புறமோ வெள்ளரிக்காய் போல் உப்பியும் இருக்கிறது. இப்படி இரண்டு விதமாக வளைந்த பொருள் பலகையை ஒரு புள்ளியில்தான் தொடும். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் உருண்டுவிடும். மெதுவாகப் பிடித்தால் நழுவுகிறது, பலமாகப் பிடித்தால் காயப்படுகிறது.

ராஜாவுக்கு இந்த வேலை எதற்கு என்றால், அவருடைய அரசி மங்கைநாச்சியாருக்கு வளைகாப்பு வரப் போகிறது. கண்ணாடி வளைகளோடு ஒரு வெள்ளிக் காப்பும் போடுவது அந்த அரண்மனையின் வழக்கம். "தட்டார் செய்ததைத் தட்டில் வைத்து நீட்டுவதற்கு ஒரு ராஜா எதற்கு?" என்று அரசி விளையாட்டாகக் கேட்டுவிட்டாள். ராஜாவுக்குச் சுருக்கென்றது. "காப்பை வேண்டுமானால் தட்டார் வார்க்கட்டும். அதன்மேல் சுற்றி ஓடும் கொடியை என் கையாலேயே செதுக்குவேன். தட்டார் எவரிடமும் ஒரு யோசனைகூடக் கேட்க மாட்டேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அரசி சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருந்தது. வார்த்துக் கொடுத்த காப்புகளை எல்லாம் கெடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றே ஒன்றோடு அன்று சபைக்கு வந்தார்.

"சபையோரே, ஒரு காப்பைப் பிடிப்பது எப்படி?" என்று கேட்டார்.

சபைக்குக் கேள்வி புரியவில்லை. இதில் ஏதோ ஆழ்ந்த அர்த்தம் இருக்கிறது என்று நினைத்து ஒவ்வொருவரும் விதானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். காப்பு என்பது ஏதோ பகைவன் கோட்டையின் பெயர் என்று எண்ணிய சேனாபதி எழுந்து, "மன்னவா, முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும்," என்றார்.

ராஜா காப்பைத் தூக்கிக் காட்டினார். சேனாபதி உட்கார்ந்தார்.

அதன் பிறகு யோசனைகள் வந்தன. பலகையில் பள்ளம் தோண்டி அதில் வைக்கலாம் என்றார் ஒருவர். கயிற்றால் தூணோடு கட்டலாம் என்றார் இன்னொருவர். கயிறு கட்டிய இடத்தில் கொடியை எப்படிச் செதுக்குவது என்று ராஜா கேட்டதும், கொடி அந்த இடத்தில் கயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொள்வது போல் செதுக்கலாம் என்று யோசனை சொன்னவரே பதிலும் சொன்னார். கேட்கக் கேட்க ராஜாவின் குழப்பம் கூடியது.

சபையின் ஓரத்தில் விகடகவி அம்பலத்தாடி உட்கார்ந்திருந்தான். அவன் வாய் சும்மா இருக்காது.

"அரசே, இதற்கு ஏன் இத்தனை பேர்? பிடித்தால் காயப்படுகிறது, பிடிக்காவிட்டால் ஓடுகிறது. ஆகவே பிடிக்காமல் பிடித்துவிட்டால் தீர்ந்தது," என்றான்.

சபை சிரித்தது. ராஜாவும் பாதி சிரித்தார். பொக்கிஷ அதிகாரி திருமலைக்கொழுந்து மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு மைத்துனன் உண்டு, சோணாசலம் என்று பெயர். தான் சொல்லும் வேடிக்கைக்குத் தானே முதலில் சிரிக்கிற ஆள். அவனை விகடகவி ஆசனத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று திருமலைக்கொழுந்து வெகுநாளாகக் காத்திருந்தார்.

அவர் எழுந்து கைகூப்பினார். "மன்னர் மன்னா, அம்பலத்தாடி விளையாட்டாகப் பேசுகிறவர் அல்லர். வழி தெரியாமல் மன்னர் முன்னிலையில் வாய் திறப்பாரா? பிடிக்காமல் பிடிக்கும் வித்தையை அவரே செய்து காட்டட்டும்."

"செய்வாயா, அம்பலத்தாடி?" ராஜாவின் முகத்தில் உண்மையான ஆசை தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு அது வெறும் வேடிக்கைப் பேச்சு என்று சொல்ல அம்பலத்தாடிக்கு வாய் வரவில்லை.

"முயன்று பார்க்கிறேன், அரசே."

"நிபந்தனைகளைத் தெளிவாக வைத்துக்கொள்வோம்," என்றார் திருமலைக்கொழுந்து. "காப்பை எவர் கையும் பிடிக்கக் கூடாது. எந்தக் கருவியும் கடிக்கக் கூடாது. எந்தக் கயிறும் கட்டக் கூடாது. தட்டார் எவரையும் கேட்கக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் காப்பு அசையாமல் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வடு இல்லாமல் கைக்கு வர வேண்டும்."

"இன்னொன்று," என்றார் ராஜா. அவர் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார். "என் கை ஒரே இடத்தில் ஊன்றியிருந்தால் நேராக இருக்கிறது. வளைவைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனால் கோணிவிடுகிறது. ஆகையால் என் கையும் அசையக் கூடாது."

திருமலைக்கொழுந்து கண்ணை மூடி அந்த வாக்கியத்தைச் சுவைத்தார். "ஆகக் காப்பும் அசையக் கூடாது, மன்னர் கையும் அசையக் கூடாது. கொடி மட்டும் சுற்றி வர வேண்டும். வளைகாப்புக்கு முந்திய நாள் சபையில் பார்ப்போம். முடியாவிட்டால், மன்னரின் நம்பிக்கையோடு விளையாடியவருக்கு இந்த ஆசனம் எதற்கு? அவர் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிப் போகட்டும்."

ராஜா ஒரு கணம் தயங்கினார். ஆனால் அரசியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. தலையாட்டிவிட்டார்.

அம்பலத்தாடி வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி உண்ணாமலை முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் கையிலிருந்த வெள்ளிக் காப்பும் ஏறி இறங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க, என் கையையே பாக்கறீங்க? இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுதா?"

"உண்ணாமலை, பிடிக்காம பிடிக்கணும்."

"யார?"

"காப்ப."

அவன் நடந்ததைச் சொன்னான். எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கும் என்ற இடம் வந்ததும் அவள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டாள்.

"ஒரு வார்த்த சொல்றதுக்கு முன்னாடி எச்சில முழுங்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். போட்டும். இப்ப என்ன? என் கை இந்தக் காப்ப நாள் பூரா பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கு?"

"உன் கை எங்க பிடிச்சிருக்கு? காப்புதான் உன் கையப் பிடிச்சிருக்கு."

"ஏதோ ஒண்ணு. விழாம இருக்குல்ல?"

அம்பலத்தாடி வாயை மூடிக்கொண்டு யோசித்தான். இதுவரை எல்லோரும் காப்பை வெளியிலிருந்துதான் பிடிக்கப் பார்த்தார்கள். வெளிப்புறத்தில்தான் செதுக்க வேண்டும். அதே இடத்தைப் பிடித்தால் எப்படிச் செதுக்குவது? ஆனால் கையில் போட்ட காப்பை உள்ளிருந்து அல்லவா கை தாங்குகிறது? வெளிப்புறம் முழுவதும் சும்மா கிடக்கிறது. கைக்குப் பதிலாக ஒரு கட்டை இருந்தால் போதும்.

உண்ணாமலையின் காப்பைக் கழற்றி உலக்கையில் மாட்டினான். அது பாதித் தூரம் போய் நின்றது. ஓர் ஆணியால் மெல்லத் தள்ளிப் பார்த்தான். காப்பு உலக்கையைச் சுற்றி வழுக்கியது. இன்னும் கொஞ்சம் இறுக்கமாக ஏற்றினான். இப்போது ஓர் ஓரம் இறுகியது, மறு ஓரம் ஆடியது. மணிக்கட்டு முழு வட்டம் இல்லை, சற்றுத் தட்டையானது. அதற்கென்று செய்த காப்பும் அப்படித்தான் இருக்கும். உலக்கையோ முழு வட்டம். இரண்டும் இரண்டே இடத்தில்தான் தொட்டுக்கொண்டன. இன்னும் பலமாகத் தட்டி ஏற்றினான். காப்பு சிக்கிக்கொண்டது. எடுக்க வரவில்லை.

அன்று உண்ணாமலை காப்பு மாட்டிய உலக்கையால்தான் மிச்ச நெல்லைக் குத்தினாள். "கையில போட்டத உலக்கைக்குப் போட்டாச்சு. அடுத்து அம்மிக்கு மூக்குத்தி போடுங்க," என்று ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சொல் சொன்னாள். குத்திய அதிர்ச்சியில் காப்பு தானாகக் கழன்று உரலில் விழுந்தது.

அதன் பிறகு அம்பலத்தாடி சமையலறைக்குள் புகுந்தான். காப்புக்கும் உலக்கைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்க வேண்டும். கை ஏன் நன்றாகத் தாங்குகிறது? சதை மெத்தென்று இருக்கிறது. இடுக்கெல்லாம் போய் நிறைகிறது. ஆகவே அரிசி மாவைப் பிசைந்து அடைத்தான். நிறைந்தது, ஆனால் தள்ளினால் காப்பு மாவோடு சேர்ந்து நகர்ந்தது. களிமண்ணை அடைத்தான். ஈரமாக இருந்தவரை நகர்ந்தது, காய்ந்ததும் வெடித்து உதிர்ந்தது. தேன்மெழுகை அடைத்தான். அது கொஞ்சம் பிடித்தது, ஆனால் ஆணியை அழுத்தியதும் வழிவிட்டது. மெத்தென்று இருப்பது நிறைகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. கெட்டியாக இருப்பது பிடிக்கிறது, நிறைய மாட்டேன் என்கிறது. ஒரே பொருள் ஒரே சமயத்தில் மெத்தென்றும் கெட்டியாகவும் எப்படி இருக்கும்? வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

"மூட்டையக் கட்டவா?" என்று கேட்டாள் உண்ணாமலை. அவள் குரலில் இப்போது கேலி இல்லை.

"ராஜாவோட காப்ப ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வரேன். அதோட உள்ளளவு எப்படின்னு தெரியணும்."

பொக்கிஷ அறையில் திருமலைக்கொழுந்து அவனை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். ஒருவரை விரட்டப் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் சிலருக்கு மரியாதை தானாக வந்துவிடும்.

"வாருங்கள், விகடகவியாரே. காப்பைப் பார்க்கலாம். எடுத்துப் போக முடியாது. வித்தையைச் சபையில் காட்டும்வரை இது என் முத்திரைக்குள் இருக்கும்."

அம்பலத்தாடி காப்புக்குள் ஒரு நூலைச் சுற்றி அளந்துகொண்டான். திருமலைக்கொழுந்து அதை வாங்கிச் சம்புடத்தில் வைத்து மூடினார். பணியாள் நெருப்புச் சட்டியில் அரக்கை உருக்கிச் சம்புடத்தின் வாயில் ஊற்றினான். அந்தக் காலத்தில் பொக்கிஷத்தைப் பூட்டுவது இப்படித்தான். அரக்கு இளகியிருக்கும்போதே அதிகாரியின் முத்திரை மோதிரத்தை அதில் பதிப்பார்கள். ஆறினால் முத்திரை உடையாமல் சம்புடம் திறக்காது. ஆனால் பதிக்குமுன் மோதிரத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். அதற்கென்றே பக்கத்தில் ஒரு கிண்ணம் இருக்கும்.

திருமலைக்கொழுந்துக்கு அன்று பேச்சில்தான் கவனம். "எல்லைக்கு அப்பால் பருத்தி நன்றாக விளைகிறதாம். உம்முடைய மனைவிக்கு நூல் நூற்கத் தெரியும் அல்லவா?" என்று சொல்லிக்கொண்டே, நனைக்காத மோதிரத்தை விரலோடு அரக்கில் அழுத்தினார். பேச்சை முடித்துவிட்டுக் கையை எடுத்தார். கை வரவில்லை.

இன்னொரு தடவை இழுத்தார். சம்புடமும் கூடவே வந்தது.

"என்ன இது?"

"ஐயா நனைக்கலைங்களே," என்றான் பணியாள்.

"அதை முன்னாலேயே சொல்வதற்கென்ன, மடையா?"

"ஐயா பேசிக்கிட்டு இருந்தீங்க. நடுவுல பேசக் கூடாதுன்னு உத்தரவுங்க."

திருமலைக்கொழுந்து விரலை மட்டும் மோதிரத்திலிருந்து உருவிக்கொண்டார். மோதிரம் அரக்கில் நின்றது. அதைத் திருகினார், ஆட்டினார், நகத்தால் நெம்பினார். மலையில் நட்ட கல் மாதிரி அது நின்றது.

அம்பலத்தாடி குனிந்து மோதிரத்தைப் பார்த்தான். வளைந்த வெள்ளி. எவர் கையும் பிடிக்கவில்லை. எதுவும் கடிக்கவில்லை. கயிறும் இல்லை. ஆனாலும் அசையவில்லை. இதை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியது. எங்கே என்று உடனே பிடிபடவில்லை. பணியாள் ஒரு நெருப்புக் கங்கை இடுக்கியில் எடுத்து மோதிரத்தின் அருகே காட்டினான். அரக்கு பளபளவென்று இளகியது. மோதிரம் சுகமாகக் கழன்று வந்தது. துணியால் துடைத்தான். ஒரு கீறல்கூட இல்லை.

"ஐயா," என்றான் அம்பலத்தாடி மெதுவாக, "நான் போய் வருகிறேன்."

"எல்லைக்கா?"

"இல்லை, அடுப்படிக்கு."

ஒரே பொருள் ஒரே சமயத்தில் மெத்தென்றும் கெட்டியாகவும் இருக்க முடியாதுதான். ஆனால் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? காப்பை ஏற்றும்போது மெத்தென்று இருக்கட்டும். செதுக்கும்போது கெட்டியாகட்டும். எடுக்கும்போது மறுபடி மெத்தென்று ஆகட்டும். மாவும் களிமண்ணும் அப்படி நம் சொல்கேட்டு மாறா. அரக்கு மாறும், பக்கத்தில் ஒரு நெருப்பு இருந்தால்.

ஆனாலும் முதல் முயற்சியிலேயே அது கைகூடிவிடவில்லை. அரக்கை உருக்கி உலக்கையில் பூசிக் குளிர்ந்த காப்பை ஏற்றினான். அரக்கு உலக்கையைப் பிடித்ததே ஒழிய, குளிர்ந்த வெள்ளியைப் பிடிக்கவில்லை. மோதிரம் இளகிய அரக்கில் வெகுநேரம் அழுந்தியிருந்து சூடேறியது; காப்போ சூடேறுமுன் பூசிய அரக்கு ஆறிவிட்டது. காப்பையும் சூடு காட்டி ஏற்றினான், பிடித்தது. ஆனால் உளிக்குப் பதிலாக ஆணியை வைத்து அழுத்தியதும் அரக்கு அப்பளம் போல் நொறுங்கியது.

உண்ணாமலை எட்டிப் பார்த்தாள். "வெறும் மண்ண வச்சுச் சுவர் எழுப்புனா நிக்குமா? வைக்கோல் போட்டு மிதிக்கல? இதுக்கும் எதையாவது சேத்துப் பாருங்க."

பாத்திரம் தேய்க்க வைத்திருந்த செங்கல் தூளைச் சேர்த்தான். வறண்டுபோகாமல் இருக்க ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டான். இந்தத் தடவை ஆணி வெள்ளியில் கோடு போட்டது, காப்பு அசையவில்லை. உண்ணாமலை தன் காப்பில் விழுந்த கோட்டைப் பார்த்தாள்.

"இது என்ன கொடியா?"

"கோடு."

"அரசிக்குக் கொடி, எனக்குக் கோடு," என்று சொல்லிவிட்டு, மூட்டை கட்ட எடுத்து வைத்த துணியை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தாள்.

வளைகாப்புக்கு முந்திய நாள் சபை நிரம்பியிருந்தது. சோணாசலம் புதுத் தலைப்பாகை கட்டி, விகடகவி ஆசனத்துக்குப் பக்கத்திலேயே நின்றான். அம்பலத்தாடி ஓர் உலக்கை, ஒரு நெருப்புச் சட்டி, ஒரு மணல் மூட்டை ஆகியவற்றோடு வந்தான். சபையோர் அவற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திருமலைக்கொழுந்து முத்திரையை உடைத்துக் காப்பை வெளியே எடுத்தார். அம்பலத்தாடி மடியில் இருந்த அரக்குக் கலவையை உருக்கி உலக்கையின் நடுவில் தடவினான், காப்புக்குச் சூடு காட்டினான், ஏற்றினான், சுற்றிலும் ஒரே மாதிரி நிறையும்படி துணியால் அழுத்தினான், ஈரத்துணியை ஒற்றி ஆறவிட்டான். பிறகு கையை எடுத்துவிட்டு, "அரசே, ஆட்டிப் பாருங்கள்," என்றான்.

ராஜா ஆட்டினார். சேனாபதி ஆட்டினார். சோணாசலமும் இரு கையாலும் முறுக்கிப் பார்த்தான். காப்பு உலக்கையோடு பிறந்தது போல் நின்றது.

"கை பிடிக்கவில்லை, கருவி கடிக்கவில்லை, கயிறு கட்டவில்லை," என்றார் ராஜா. அவருக்குத் தம் கண்ணையே நம்ப முடியவில்லை. "அப்படியானால் பிடித்திருப்பது யார்?"

"பொக்கிஷத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் அரக்குத்தான், அரசே. காப்பைப் பிடிக்காதா?"

திருமலைக்கொழுந்தின் முகம் மாறியது. ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. "இருக்கட்டும். இன்னும் பாதி இருக்கிறது. காப்பும் அசையாமல், மன்னர் கையும் அசையாமல் கொடி எப்படிச் சுற்றி வரும்?"

அம்பலத்தாடி மணல் மூட்டையின் நடுவில் கையால் ஒரு பள்ளம் செய்து, உலக்கையை அதில் படுக்க வைத்தான். ராஜாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, முழங்கையைத் திண்டில் ஊன்றி, உளியின் நுனியைக் காப்பின் மேல் உச்சியில் வைக்கச் சொன்னான். "கையை இப்படியே வைத்திருங்கள், அரசே. அசைக்காதீர்கள்." பிறகு உலக்கையின் முனையைப் பிடித்து, உளிக்கு எதிராக மெல்லத் திருப்பினான். உளிக்கு முன்னால் ஒரு மெல்லிய வெள்ளி இழை சுருண்டு எழுந்தது. பின்னால் ஒரு கோடு வந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்கள்," என்றார் திருமலைக்கொழுந்து. "மன்னவா, காப்பு அசைகிறது. நிபந்தனை மீறப்பட்டது."

ராஜா உளியை எடுத்துவிட்டுக் குழம்பிப்போய்ப் பார்த்தார். அசைகிறது என்றால் அசைகிறது. ஆனால் அரக்கில் பதிந்த இடத்தை விட்டு ஓர் எள்ளளவும் நகரவில்லை. சபை இரண்டாகப் பிரிந்தது. அசைகிறது என்றார்கள் பாதிப் பேர். மிச்சப் பேருக்கு எது அசைகிறது என்பதே விளங்கவில்லை.

அம்பலத்தாடி பணிவாகக் கேட்டான். "அதிகாரியாரே, இன்று சபைக்கு எப்படி வந்தீர்கள்?"

"பல்லக்கில்."

"வழியெல்லாம் குண்டும் குழியும். பல்லக்கில் மிகவும் அசைந்திருப்பீர்களே, பாவம்."

திருமலைக்கொழுந்துக்குத் தம் பல்லக்குத் தூக்கிகளைப் பற்றிப் பெருமை அதிகம். "என் ஆட்களைப் பற்றி உமக்கு என்ன தெரியும்? கையில் பால் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வருவேன். ஒரு சொட்டுச் சிந்தாது. வீட்டில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து இங்கே இறங்கும்வரை நான் இம்மியும் அசையவில்லை."

"ஆனால் தெருவைக் கடந்து வந்துவிட்டீர்கள்."

"பல்லக்கு வந்தது. நான் அசையாமல்தான் இருந்தேன்."

"காப்பும் அப்படித்தான், ஐயா. உலக்கை போகிறது. காப்பு இம்மியும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது," என்றான் அம்பலத்தாடி.

திருமலைக்கொழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு தாம் சொன்னதையே நினைத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். முதலில் ராஜாவின் வயிறு குலுங்கியது. அப்புறம் அவர் திண்டில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பல்லக்குத் தூக்குவதில் இவ்வளவு நுட்பம் தெரிந்த நீரே இந்த உலக்கையைத் திருப்பும், திருமலைக்கொழுந்து. ஒரு சொட்டுச் சிந்தக் கூடாது," என்றார்.

அன்று முழுவதும் ராஜா உளியைப் பிடித்திருந்தார், பொக்கிஷ அதிகாரி உலக்கையைத் திருப்பினார். இதன் நுட்பத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வளைவின்மேல் கையைக் கொண்டுபோனால், ஓரிடத்தில் உளி ஆழமாகக் குத்தும், இன்னோர் இடத்தில் வழுக்கும். ஏனென்றால் அடியில் உள்ள சரிவு மாறிக்கொண்டே இருக்கிறது. கை நின்று பொருள் திரும்பினால், உளிக்குக் கீழே எப்போதும் உச்சிதான் வரும். உளிக்கு வளைவே தெரியாது. தான் சமதரையில் உழுவதாகவே அது நினைத்துக்கொள்ளும்.

கொடி சுற்றி வந்து, தான் புறப்பட்ட இடத்தை நெருங்கியது. நெல்முனை அளவு இடைவெளி இருக்கையில் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். ஒரு தவறு நேர்ந்தால் வேறு காப்பு இல்லை. அம்பலத்தாடி கண்ணை மூடிக்கொண்டான். திருமலைக்கொழுந்து ஒரு கடுகளவு திருப்பினார். கோடு கோட்டைத் தொட்டது. தொட்ட இடத்தில் ராஜா ஒரு சின்ன இலையைச் செதுக்கினார்.

உலக்கையை நெருப்புக்கு மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். காப்பு கழன்று வந்தது. எண்ணெய்த் துணியால் உள்ளே ஒட்டியிருந்த அரக்கைத் துடைத்தார்கள். திருமலைக்கொழுந்து அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடு இல்லை. சோணாசலம் புதுத் தலைப்பாகையோடு வெளியே நழுவினான்.

"என்ன வேண்டும், கேள்," என்றார் ராஜா.

"என் மனைவிக்கு ஒரு புது உலக்கை, அரசே. பழையதை அரக்கு தின்றுவிட்டது."

ராஜா மறுபடி சிரித்தார். பூண் கட்டிய கருங்காலி உலக்கை ஒன்றும், பட்டு இரண்டும், அவன் ஆசனத்துக்கு ஒரு புது விரிப்பும் கொடுத்தார். உண்ணாமலையின் காப்பில் இருக்கும் கோட்டுக்கு இலைகள் போட்டுத் தருவதாகவும் சொன்னார். அவருக்கு இப்போது கை ஊறிக்கொண்டிருந்தது.

மறுநாள் வளைகாப்பில், கண்ணாடி வளைகளுக்கு நடுவில் அந்த வெள்ளிக் காப்பு அரசியின் கையில் ஏறியது. மங்கைநாச்சியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. குறட்டுத் தழும்பு ஒன்றும் இல்லை. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"சுவாமி, உண்மையாகவே தட்டார் யாரும் உதவவில்லையா? அப்படியானால் இந்த வழுக்கல் பொருளை எப்படித்தான் பிடித்தீர்கள்?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் பிடிக்கவே இல்லை, தேவி. அரக்கில் செங்கல் தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் சேர்த்து உருக்கி உலக்கையில் பூச வேண்டும். காப்பைச் சூடாக்கி அதன்மேல் ஏற்றி ஆறவிட வேண்டும். கையை ஊன்றிக்கொண்டு உலக்கையைத் திருப்பிச் செதுக்க வேண்டும். முடிந்ததும் சூடு காட்டினால் கழன்றுவிடும்."